கண் பெற்ற கணினி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பந்தியில் சோறு போடுகிறவரிடம் "போதும்" என்று எப்படிச் சொல்கிறோம்? இலைமேல் கையை நீட்டுகிறோம். அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் கணினியிடம் ஒன்று சொல்லணும்னா, விசைப்பலகையைத் தட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. நம் கைச்சாடை அதற்குப் புரிய வேண்டுமானால் முதலில் கண் வேண்டுமே! கேமராதான் அந்தக் கண்.

2010-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'கினெக்ட்' என்ற விளையாட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளை அது அறையெங்கும் வீசும். அவை விழும் விதத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். பிள்ளைகள் கையில் எதையும் பிடிக்காமல், உடம்பை அசைத்தே விளையாடினார்கள். 2017-இல் அதன் தயாரிப்பு நின்றது. ஆனால் 2019-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட முறைக்குச் சாதாரணக் கைத்தொலைபேசிக் கேமராவே போதும். அது முதலில் உள்ளங்கையைத் தேடிப் பிடிக்கும். பிறகு மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை 21 புள்ளிகளைக் குறித்து, கையின் அசைவைப் பின்தொடரும்.

இதை எப்படிக் கற்றுக்கொண்டது? நம்ம பிள்ளைகள் மாதிரிதான், பார்த்துப் பார்த்து. ஆயிரக்கணக்கான படங்களில் மனிதர்கள் புள்ளி வைத்துக் காட்டினார்கள். காட்டியதைக் கற்றது. காட்டாததை?

அமெரிக்காவில், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜோய் புவோலம்வினி என்ற கறுப்பினப் பெண்ணின் முகத்தை ஒரு மென்பொருள் முகமென்றே கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடி மாட்டியதும் கண்டுகொண்டது! அவரும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது.

பெற்றோர்களே, நம்ம நிறம் என்னன்னு நமக்குத் தெரியும். பால் வெட்டிக் காய்த்துப்போன கையும், செம்பனைக் குலை தூக்கித் தழும்பேறிய கையும் கைதான் என்று இயந்திரத்துக்கு யார் காட்டுவது? இன்று கணிதத்திலும் அறிவியலிலும் பரிசு வாங்கும் இந்தப் பிள்ளைகள் காட்டலாம். படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

மாணவர்களே, இயந்திரம் உங்களைச் சரியாகப் பார்க்கணும்னா, அதற்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்களில் நீங்களும் இருக்க வேண்டும்.