கஞ்சாவும் நம் உடலின் மடைகளும்

(இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கஞ்சாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இளைஞர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்புகின்றனர். “அது மண்ணில் முளைக்கும் செடிதானே? அதற்கென்று மூளையிலேயே இடம் இருப்பதாக விஞ்ஞானிகள் கூறுகின்றனரே. பின் கேடு எவ்வாறு வரும்?” என்பதே அவ்வினா. அதட்டி அடக்கத்தக்க வினாவன்று இது. விடை கூறுதல் நம் கடமையாகும்.

கஞ்சாவில் மயக்கந்தரும் பொருளைத் தனியே பிரித்து, 1964ஆம் ஆண்டில் அதன் அமைப்பைக் கண்டவர்கள் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் ஆவர். அதனைச் சுருக்கமாக டி.எச்.சி. என்பர். நரம்பணுக்களின் மேல் அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன என்பது 1988இல் அமெரிக்காவில் தெரியவந்தது. அவ்வேற்பிகள் யாருக்காக அமைந்தவை? 1992இல் விடை கிடைத்தது. உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு பொருளுக்காக அமைந்தவை அவை. ஆனந்தம் என்னும் வடசொல்லைக் கொண்டு அப்பொருளுக்கு ‘ஆனந்தமைடு’ எனப் பெயரிட்டனர். ஆகவே அந்த இடம் கஞ்சாவுக்கு உரியதன்று. கஞ்சா அங்கே அழையாமல் நுழைந்த அயலான்.

ஆனந்தமைடு முதலிய பொருள்களின் வேலை யாது? ஏரிப் பாசனம் அறிந்த நமக்கு அது எளிதில் விளங்கும். மடை திறந்தால் நீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வருகிறது. வயல் நிறைந்ததும் ஓர் ஆள் வரப்பின் மேல் எதிர்த்திசையில் நடந்து சென்று, “போதும், மடையைக் குறையுங்கள்” என்கிறான். அவ்வாறே, ஒரு நரம்பணு அனுப்பும் செய்தி மிகும்போது, அதனைப் பெறும் அணு இப்பொருளை உண்டாக்கி, அனுப்பிய அணுவுக்கே திருப்பி விடுகிறது. செய்தியின் வேகம் தணிகிறது. வேலை முடிந்தவுடன் நொதிகள் இப்பொருளைச் சிதைத்துவிடுகின்றன. நினைவு, பசி, வலி, அச்சம், அசைவு ஆகியவை வரம்பு மீறாதிருப்பதில் இவ்வேற்பாட்டுக்குப் பங்குண்டு.

கஞ்சாவோ எந்த வயல் நிறைந்தது, எது காய்கிறது என்று கேட்பதில்லை. ஆயக்கட்டு முழுவதும் மடைகளை அடைத்து, மணிக்கணக்கில் காவல் நிற்கிறது. நினைவைப் பதிக்கும் பகுதியில் மடை அடைபட, சற்று முன் கேட்டதும் மறக்கிறது. அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியில் அடைபட, கைகால் தடுமாறுகின்றன. டிராக்டர் ஓட்டுவதும் கதிரடிக்கும் இயந்திரத்தருகே நிற்பதும் ஆபத்தாகின்றன.

நாள்தோறும் புகைத்தால் மூளை தன் ஏற்பிகளையே குறைத்துக்கொள்கிறது. பழைய அளவு போதாமற் போகிறது. விட்டாலோ உறக்கமின்மையும் எரிச்சலும் பசியின்மையும் தோன்றுகின்றன. மூளை ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. நாற்றங்காலிலேயே நீர்முறை கெட்டால் பயிர் என்னாகும்? இளவயதில் மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கு மனநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதே வழியில் மருந்தும் பிறந்துள்ளது. புற்றுநோய்ச் சிகிச்சையில் எழும் வாந்தியைத் தணிக்கச் செயற்கை டி.எச்.சி. மாத்திரைக்கு 1985இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால், இந்த ஏற்பிகளை அடைத்து உடற்பருமனைக் குறைக்க 2006இல் ஐரோப்பாவில் வந்த ரிமோனபண்ட் என்னும் மருந்து, சிலருக்குக் கடும் மனச்சோர்வை உண்டாக்கியதால் 2008இல் நிறுத்தப்பட்டது. மருத்துவர் அளந்து கொடுத்த மருந்தே இவ்வாறாயின், அளவறியாப் புகையை என்னென்பது?

எனினும் நம்பிக்கை இழக்கவேண்டாம். பழக்கத்தை விட்டால், குறைந்த ஏற்பிகள் சில வாரங்களில் பெரும்பாலும் மீள்கின்றன. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும், கஞ்சாவைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், அவ்வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி செய்துள்ளது. ஆதலின் பெற்றோர்களே, மகனின் பழக்கத்தை ஊருக்கு அஞ்சி மறைக்காதீர்கள், அடித்தும் விரட்டாதீர்கள். அவன் கையைப் பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கடைமடை வரை நீர் பாய்ந்தால்தான் ஊர் செழிக்கும். நம் இளைஞர்களின் உடலிலும் மடைகள் தம் முறையில் இயங்கக் காப்போமாக!