வீட்டினுள் வரும் நத்தை

மாரி பிறந்து நாலைந்து நாட்கள் மழை விடாது பொழிந்தால், விடியற்காலையிற் குசினிக் கதவைத் திறக்கும் இல்லத்தரசியின் கண்ணில் முதலிற் படுவது நிலத்திலே மினுங்கும் வெள்ளிக் கோடாகும். வாசற்படியில் தொடங்கும் அக்கோடு தண்ணீர்க் குடத்தைச் சுற்றிச் சென்று சுவரில் ஏறியிருக்கும். அதன் முடிவிலே நத்தையார் ஆறுதலாக வீற்றிருப்பார்.

இலங்கையின் வளவுகளிற் காணப்படும் இப்பெரிய நத்தை இந்நாட்டுக்கு உரியதன்று. அதன் தாயகம் கிழக்காபிரிக்கா. பென்சன் என்னும் ஆராய்ச்சியாளர் 1847இல் மொறீசியசுத் தீவிலிருந்து கல்கத்தாவுக்குச் சில நத்தைகளைக் கொணர்ந்தார். 1900ஆம் ஆண்டளவில் அது இலங்கையையும் அடைந்தது. ஊர்ந்து வந்ததன்று, மனிதர் கையிலேயே வந்தது. ஆணும் பெண்ணும் ஓருடலிலே அமைந்த இவ்வுயிர் ஒரே ஈட்டில் நூறு, இருநூறு முட்டைகளை மண்ணுக்குள் இடுகின்றது. வெயிற் காலத்தில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு உறங்கிவிடும். சுவரில் ஏறுவதும் வழி தவறியன்று. ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும். வெள்ளையடித்த சுவரை அது சுரண்டித் தின்கின்றது.

நத்தையைக் கண்டதும் உப்பைத் தூவுவது பலரது வழக்கம். நத்தை சாகும்; ஆனால் கக்கும் கோழையைக் கழுவுவது பெரும்பாடு. பூஞ்செடியின் அடியில் தூவினாலோ செடியும் சேர்ந்து வாடும். வாசலிற் சாம்பல் பரப்புவது காய்ந்திருக்கும் வரையே பயன்தரும். மழை நனைத்தால் நத்தை அதன்மேலேயே நடந்து வரும். கடையில் வாங்கும் நஞ்சுக் குளிகைகளை வீட்டு நாய் தின்று மாண்டுபோகவும் கூடும். இவற்றிலும் மேலானது பகலில் அது ஒளிக்கும் இடத்தை இல்லாமற் செய்வதே. சுவரோடு அடுக்கிய விறகு, தேங்காய் மட்டை, பழைய ஓடு, பூச்சாடி ஆகியவற்றை விலக்கிவைக்க வேண்டும். கதவின் கீழ் இடைவெளியை அடைத்து, தண்ணீர் வெளியேறும் துவாரத்துக்குக் கம்பிவலை இடவேண்டும். மாலையில் நனைந்த சாக்கின் கீழ்ப் பப்பாசி இலைகளை வைத்தால், காலையில் நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறை அணிந்து பொறுக்கி, கொதிநீரில் இட்டு, ஆழப் புதைத்தல் நன்று. வெற்றோடுகளை எறிந்துவிடலாகாது, அவற்றில் தேங்கும் மழைநீரில் நுளம்பு பெருகும்.

கையுறை எதற்கு என்று கேட்கலாம். எலியின் நுரையீரலிற் குடியிருக்கும் புழுவொன்று உண்டு. அதன் குஞ்சுகள் எலியின் எச்சத்தில் வெளிவந்து, நத்தையின் உடலிலும் ஓடில்லா நத்தையின் உடலிலும் வளர்கின்றன. அவை மனிதர் வயிற்றுட் புகுந்தால் மூளைவரை சென்று, கடுந்தலையிடியும் கழுத்து விறைப்பும் வாந்தியும் உண்டாக்கும். நத்தையைத் தின்பவர் யார் என்று சிரிக்க வேண்டாம். பச்சை வல்லாரையின் மடிப்பில் ஒட்டியிருக்கும் ஓடில்லா நத்தைக் குஞ்சு கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. அதனைச் சேர்த்து அரைத்த சம்பல் பிள்ளையின் கோப்பைக்கும் போகும். ஒரு பிடியாகத் தண்ணீரில் முக்கி எடுப்பது கழுவுதலாகாது. இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரிற் கழுவவேண்டும். நத்தை நடமாடிய பாத்தியிற் பறித்த கீரையை அம்மழை நாட்களிலேனும் வறையாக்கி உண்பதே நன்று. நன்றாக வெந்தால் அப்புழு பிழைக்காது.