மிரண்ட மாடும் மக்னீசியமும்

(கறவை மாடு வளர்ப்போர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கன்று ஈன்று சில வாரமே ஆன கலப்பின மாடு ஒன்றைச் சந்தையில் வாங்குகிறீர்கள். லாரியில் ஏற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் தீவனமின்றிக் கொண்டு வருகிறீர்கள். இறக்கியதும் அதன் தசைகள் துடிக்கின்றன, நடை தள்ளாடுகிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது. பிறகு விழுந்து, தலையைப் பின்னுக்கு வளைத்துக் காலை உதைக்கிறது. கண் பட்டுவிட்டது என்பார்கள் சிலர். பெரும்பாலும் காரணம் இரத்தத்தில் மக்னீசியம் குறைந்ததுதான். அதோடு சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருக்கலாம்.

500 கிலோ எடையுள்ள மாட்டின் எலும்புகளில் ஏறக்குறைய 170 கிராம் மக்னீசியம் உண்டு. உயிரணுக்களுக்குள் 70 கிராம். இரத்தத்திலோ 1 கிராம்கூட இல்லை! பத்து லிட்டர் பால் கறந்தால் அதில் 1 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துத்தர ஒரு ஹார்மோன் இருக்கிறது. மக்னீசியத்துக்கு அப்படிப்பட்ட காவல்காரன் இல்லை. அன்றாடம் தீவனத்தில் வந்தால்தான் உண்டு.

இங்கேதான் சிறுநீரகங்களை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பிகள் குறுக்கிடுகின்றன. மாடு மிரளும்போதும், பட்டினி கிடக்கும்போதும், குளிரில் நடுங்கும்போதும் அட்ரீனலின் சுரக்கிறது. எலியின் கல்லீரல், இதய அணுக்களில் இது பட்டதும் உள்ளிருந்த மக்னீசியம் வெளியேறுவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் இரத்தத்தில் கூடத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெட்டையாடுகளுக்கு அட்ரீனலினைச் செலுத்தியபோது இரத்த மக்னீசியம் இறங்கியது. அட்ரீனலின் உடற்கொழுப்பைக் கரைக்கிறது. அந்தக் கொழுப்புக் கரைசலோடு இந்த இறக்கமும் சேர்ந்தே வருகிறது. ஏற்கெனவே குறைவாக உள்ள மாட்டை வீழ்த்த இது போதும்.

அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோன் அல்டோஸ்டிரோன். உப்புப் போதாத மாட்டில் இது கூடுதலாகச் சுரக்கும். அப்போது உமிழ்நீரில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறும். அந்த உமிழ்நீர் முதல் வயிற்றில் இறங்கி, அங்கே மக்னீசியம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். பொட்டாஷும் யூரியாவும் தாராளமாக இட்டு வளர்த்த இளம் பசும்புல்லும் இதையே செய்கிறது. உப்புக்காகச் செலவிடும் சில காசுகளை மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியாத கணக்கு.

ஆகவே நாள்தோறும் 30 கிராம் உப்பும், தாது உப்புக் கலவையும் கொடுங்கள். தளதளவென்ற இளம்புல்லை மட்டுமே போடாமல் வைக்கோலும் கலந்து போடுங்கள். ஆபத்தான நாட்களில் மாடு ஒன்றுக்குத் தினம் 50 முதல் 60 கிராம் வரை மக்னீசியம் ஆக்சைடு தரலாம்; அளவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதும் இதுவே. ஆனால் சூளைக்குப் போகும் தூளை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தீவனத் தரமானதாகக் கேட்டு வாங்குங்கள். மாடு இதை விரும்பித் தின்னாது. தவிட்டிலும் வெல்லப்பாகிலும் கலந்து வையுங்கள்.

லாரியில் ஏற்றுமுன் வயிறார வைக்கோலும் தண்ணீரும் காட்டுங்கள். நெருக்கி அடைக்காதீர்கள், வழியில் நிறுத்தித் தீனி போடுங்கள், வாலை முறுக்காதீர்கள்.

விழுந்துவிட்டால் கூட்டம் கூட வேண்டாம். சத்தமும் தொடுதலும் வலிப்பைத் தூண்டும். தலைக்கடியில் வைக்கோலை அணை கொடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். மக்னீசிய மருந்தை வேகமாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதை அவர்தான் செய்ய வேண்டும். சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடிய நோய் இது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.