காதில் ஒரு பசிப்புள்ளி



அக்குபங்சர் என்றதும் மூட்டுவலி, கழுத்துவலி, ஒற்றைத் தலைவலி என்றுதான் நம் நினைவு ஓடும். ஆனால் அந்தச் சிகிச்சையைத் தேடிப் போகும் பெண்களில் சிலர் சொல்லும் குறை வேறு. "கை கால் எல்லாம் அப்படியேதான் இருக்கு, வயிறு மட்டும் போட்டுருச்சு" என்பார்கள். கொஞ்சம் தயங்கி, "பசியும் அடங்க மாட்டேங்குது" என்பார்கள். ஊசியால் இவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில், சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளிலிருந்து அளக்கத் தொடங்குவார்கள். அளவுக்குச் 'சுன்' என்று பெயர். படுத்திருப்பவரின் கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன். மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் அவரவர் விரலே அளவுகோல் என்பது இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தொப்புளுக்கு இருபுறமும் இரண்டு சுன் தள்ளி தியான்ஷு. நேர் மேலே நான்கு சுன்னில் சோங்வான். காலில், முழங்காலுக்குக் கீழே மூன்று சுன்னில், கால் முன்னெலும்பை ஒட்டி வெளிப்பக்கமாகச் சுசான்லி. மூன்றுமே செரிமானத்துக்குரியவை என்று சீன மருத்துவம் சொல்கிறது. ஊசி மிக மெல்லியது. குத்தியதும் சுருக்கென்று வலிப்பதைவிட, உள்ளே ஒரு கனமும் மதமதப்பும் பரவுவதைத்தான் பலர் சொல்வார்கள். சில மருத்துவர்கள் ஊசிகளில் மெல்லிய மின்சாரமும் பாய்ச்சுகிறார்கள். அப்போது வயிற்றுத் தசை துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கொழுப்பு கரைகிறது என்று நம்பிவிடுகிறார்கள். வயிற்றில் குத்துவதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் உருகிவிடும் என்று எண்ணுவதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. கையால் பிடித்தால் அகப்படுவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. அதைவிட ஆபத்தானது குடலையும் ஈரலையும் சுற்றி உள்ளே படிவது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. நாற்பத்தைந்துக்கு மேல் பல பெண்களுக்குத் திடீரென்று வயிறு போடுவது சோம்பலால் அல்ல. உறவினர் வீட்டு விசேஷங்களில் அவர்களைக் கேலி செய்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பசியின் கதை வேறு. அங்கே ஊசிக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. அந்த ஊசி குத்தப்படும் இடம் காது. பிரான்ஸில் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோஜியே, 1950களில் காதுமடலில் உடலின் வரைபடத்தையே கண்டதாகச் சொன்னார். அந்த வரைபடம் முழுவதையும் ஏற்க எனக்கு மனமில்லை. ஆனால் உடற்கூற்றில் ஓர் உண்மை உண்டு. வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை, காதின் உட்குழிவுத் தோலுக்கு வருகிறது. அந்த நரம்பின் கிளை தோலை எட்டும் இடம் காதுதான்.

தென்கொரியாவின் கியுங் ஹீ பல்கலைக்கழகத்தார் நடத்திய ஒரு சோதனை 2013இல் வெளியானது. எடை கூடிய 91 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் காதில் ஐந்து புள்ளிகள். இன்னொன்றுக்குப் 'பசிப்புள்ளி' ஒன்று மட்டும். இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் வைத்த சின்ன ஊசி ஒரு வாரம் காதிலேயே இருக்கும். அடுத்த வாரம் மறு காதுக்கு மாற்றுவார்கள். மூன்றாவது பிரிவுக்கும் குத்தினார்கள், ஆனால் உடனே எடுத்துவிட்டார்கள். எட்டு வாரத்தில், உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஐந்து புள்ளிக்காரர்களுக்கு 6.1 சதவீதமும், ஒரு புள்ளிக்காரர்களுக்கு 5.7 சதவீதமும் குறைந்தது. மூன்றாம் பிரிவில் மாற்றம் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 24 பேர் பாதியிலேயே விலகினார்கள். அவர்களில் 15 பேர் அந்த மூன்றாம் பிரிவினர். காதில் ஊசி தங்கவில்லை என்பது ஒருவருக்குத் தெரியாமலா இருக்கும்? நம்பிக்கை போனவர்கள் கிளம்பியிருக்கலாம். எல்லாருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடும் இருந்தது. இடுப்பளவில் தெரிந்த குறைவோ, வயதைக் கணக்கில் சேர்த்ததும் நிற்கவில்லை. ஆக, நம் பெண்கள் எதற்காகப் போகிறார்களோ, அந்த வயிற்றுக்குச் சான்று மெலிவாகவே இருக்கிறது. பசியைக் கொஞ்சம் தணிக்க உதவலாம் என்ற அளவுக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கொஞ்சமும் சிலருக்குப் பெரிய உதவி. காலையில் டீயோடு நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, மூன்று மணிக்கு மிச்ச சாதத்தையும் குழந்தை வைத்துவிட்டுப் போன இட்லியையும் நின்றபடியே சாப்பிடும் பெண்ணுக்கு மாலையில் வரும் பசி அசுரப் பசி. நல்ல மருத்துவர் ஊசியை எடுக்கும் முன், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்பார். வேறு எங்கும் யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். பலன் தெரிகிற இடங்களில், அந்தக் கேள்விகளுக்கும் பாதிப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

போக நினைப்பவர்கள் முதலில் தைராய்டையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாத இளம்பெண் என்றால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். காதுக் குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் ஆறுவது கடினம். சர்க்கரை நோயாளிகள் காதில் ஊசியைத் தங்கவிட வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் அடிவயிற்றில் குத்தக் கூடாது. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால், அந்தப் படுக்கையில் படுக்காமலே எழுந்து வந்துவிடுங்கள்.