சாரதியும் பிரயாணியும் சேரும் வகை

வாடகை வண்டி வேண்டுவோர் தெருவோரத்தில் நின்று கைகாட்டி அழைப்பதும், தரிப்பிடத்திலே வரிசையின் முதலில் நிற்கும் முச்சக்கர வண்டியில் ஏறுவதும் நம் நாட்டு மக்களுக்குப் பழகிய வழக்கங்களாகும். தரிப்பிடத்துக்கென ஒரு நியதி உண்டு. முன்னே வந்தவன் முன்னே செல்வான்; பின்னே வந்தவன் தன் முறைக்குக் காத்திருப்பான். அந்நியதி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனை மீறுபவனை மற்றையோர் கண்டிக்கவும் கூடும். 2015 ஆம் ஆண்டிலே பிக்மீ, ஊபர் என்னும் சேவைகள் கொழும்பில் தொடங்கிய பின்னர் வேறொரு முறையும் வந்து சேர்ந்தது. கைத்தொலைபேசியில் விரல் பட்டதும் வண்டி வாயிலுக்கு வருகின்றது. எந்தச் சாரதி எந்தப் பிரயாணியிடம் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு. அக்கணக்கு எத்தகையது? அதனால் நன்மை அடைபவர் யார்? இழப்பை ஏற்பவர் யார்?

அழைத்தவருக்கு மிக அண்மையில் உள்ள வண்டியை அனுப்பிவிட்டால் போதுமே என்று எவருக்கும் முதலில் தோன்றும். நீண்ட நேரான வீதி ஒன்றை மனத்திற் கொள்வோம். கந்தன் என்னும் பிரயாணி ஓரிடத்தில் நிற்கின்றார். அவருக்குத் தெற்கே இரண்டு நிமிடத் தூரத்தில் ஒரு வண்டியும், வடக்கே மூன்று நிமிடத் தூரத்தில் மற்றொரு வண்டியும் உள்ளன. தெற்கு வண்டிக்கும் அப்பால் மூன்று நிமிடத் தூரத்திலே வள்ளி என்னும் பெண் நிற்கின்றார். கந்தன் அழைத்தவுடன் தெற்கு வண்டியை அவரிடம் அனுப்பிவிட்டால், அடுத்த கணம் அழைக்கும் வள்ளிக்கு வடக்கு வண்டிதான் மிஞ்சும். அது அவரை அடைய எட்டு நிமிடம் செல்லும். இருவரும் காத்திருந்த நேரம் பத்து நிமிடம். வடக்கு வண்டியைக் கந்தனுக்கும் தெற்கு வண்டியை வள்ளிக்கும் அனுப்பியிருந்தால் ஆளுக்கு மூன்று நிமிடமாக ஆறு நிமிடமே ஆகியிருக்கும். கந்தன் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் வள்ளிக்கு ஐந்து நிமிடம் மீதமாகும்.

இதனாலேயே பெரிய சேவைகள், வரும் அழைப்பை அக்கணமே தீர்க்காமல், சில விநாடிகள் பொறுத்து, அவ்விடைவெளியில் வந்த அழைப்புக்களையும் வெறுமையாக உள்ள வண்டிகளையும் ஒருங்கே வைத்துப் பொருத்தும் முறையைக் கையாளுகின்றன. பத்து வண்டிகளையும் பத்துப் பிரயாணிகளையும் ஒருவருக்கொருவராகச் சேர்ப்பதற்கு 36,28,800 வழிகள் உண்டு. அவை யாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமலே மிகச் சிறந்த வழியைக் காணும் முறையொன்றை 1955 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் ஹரோல்ட் கூன் வெளியிட்டார். ஹங்கேரி நாட்டுக் கணிதர் எகர்வாரி 1931 இல் எழுதிய கட்டுரையைப் படிப்பதற்காக, அவர் அகராதியும் இலக்கண நூலுமாக அமர்ந்து அம்மொழியைப் பயின்றார். அக்கட்டுரையிலும், அதே நாட்டவரான கோனிக் என்பவரின் ஆய்விலும் தமக்கு வழி கிடைத்ததென்பதால், தம் முறைக்கு ஹங்கேரிய முறை என்றே பெயரிட்டார். அறிவுக் கடனை மறவாத அப்பண்பு மாணவர் யாவரும் அறியத்தக்கது.

எனினும் வண்டிகளின் கணக்கு தாளிலே முடிவதன்று. வரைபடத்தில் அருகிலே தோன்றும் வண்டி, புகையிரதக் கடவைக்கு அப்பாலோ ஒருவழிப் பாதையின் மறுமுனையிலோ நிற்கக்கூடும். ஆதலால் தூரத்தைவிட, வந்து சேரும் நேரமே அளவுகோலாகின்றது.

மழை பொழியும் மாலைவேளையில் வேறோர் இடர் எழும். வெறுமையான வண்டிகள் அருகும்போது, கிடைக்கும் வண்டியும் தொலைவிலே இருக்கும். சாரதி பிரயாணியை ஏற்றச் செல்வதிலேயே நேரத்தைப் போக்குவார். அதனால் வெறுமையான வண்டிகள் மேலும் அருகும். தொலைவு மேலும் கூடும். இச்சுழலைத் தடுப்பதற்குச் சேவைகள் கட்டணத்தை உயர்த்துகின்றன. அல்லது மிகத் தொலைவிலுள்ள வண்டியை அனுப்பாது விடுகின்றன. முன்னையது ஏழைப் பிரயாணியைத் தெருவில் நிறுத்துகின்றது. பின்னையது நகரின் ஒதுக்குப்புறத்தில் வாழ்பவரைக் கைவிடுகின்றது.

இனிச் சாரதியின் பக்கத்தை நோக்கவேண்டும். பிரயாணியை ஏற்றும்வரை ஓடும் வெறும் ஓட்டத்துக்கு எரிபொருள் செலவாகின்றது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், பங்கீட்டு முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீட்டர் பெற்றோலே அளிக்கப்பட்டது. அந்நாளில் தொலைவிலிருந்து வந்த குறும் பயண அழைப்பொன்றைச் சாரதி தட்டிக் கழித்தால், அதனைச் சோம்பல் என்பதா, குடும்பத்தைக் காக்கும் கணக்கு என்பதா? காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதற்கு வகுக்கப்பட்ட கணக்கிலே, சாரதியின் அடுப்பு எரிகின்றதா என்பதற்கு இடமில்லை. இடம் வேண்டுமெனின் மனிதரே அதனைச் சேர்க்கவேண்டும்.

இவ்வழக்கு இங்கிலாந்திலே நீதிமன்றம் ஏறியது. ஊபர் சாரதிகள் சுயமாகத் தொழில் செய்பவர்களே என்று நிறுவனம் வாதிட்டது. கட்டணத்தை நிறுவனமே விதிப்பதையும், அழைப்புக்களை அடிக்கடி மறுப்பவர் சிறிது நேரம் சேவையிலிருந்து விலக்கப்படுவதையும் ஆராய்ந்த ஐக்கிய இராச்சிய உயர்நீதிமன்றம், அவர்கள் தொழிலாளருக்குரிய காப்புடையவர்களே என 2021 பெப்ரவரி 19 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பயணம் ஓடும் நேரம் மட்டுமன்றி, தம் உரிமப் பகுதியில் அழைப்பை ஏற்க ஆயத்தமாகக் காத்திருந்த நேரமும் வேலை நேரமே என்றும் அது கொண்டது.

புதிய முறையைப் பழிப்பதால் பயனில்லை. இரவிலே நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டிய குடும்பத்துக்கு அது பேருதவி. தனியே செல்லும் பெண்ணுக்கு வண்டியின் இலக்கமும் சாரதியின் பெயரும் முன்னரே தெரிவது பெரும் ஆறுதல். ஆனால் தரிப்பிடத்து நியதியில் இருந்த ஒரு சிறப்பு இதில் இல்லை. அங்கே தனக்கு முறை வராத காரணத்தை ஒவ்வொரு சாரதியும் கண்ணாரக் கண்டான். இங்கே ஒருவருக்கு அழைப்பு வருவதும் மற்றவருக்கு வராததும் ஏனென்று இருவருக்கும் தெரியாது. விதியை அறியாதவன் அது நீதியா அநீதியா என்று கேட்கவும் இயலாதவனாகின்றான். ஆகவே அழைப்புக்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன, மறுத்தால் விளைவது யாது என்பவற்றைச் சாரதிக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பது நிறுவனங்களின் கடமை; அதனை வலியுறுத்துவது அரசின் கடமை. வண்டி தாமதித்த வேளையில் சினம் கொள்ளுமுன், கூலியில்லாத எத்தனை தெருக்களைக் கடந்து அவ்வண்டி வருகின்றதென்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது பிரயாணியின் கடமையாகும்.