தடிமன் சீரற்ற படலங்களில் காந்தப்புலம்: தலைமை உரை



காட்டுப்பள்ளி என்றதும் துறைமுகமும், நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் நினைவுக்கு வரும். எனக்கோ அதன் அருகிலுள்ள மீஞ்சூரின் கிணறுகள் நினைவுக்கு வருகின்றன. நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைத்ததால் அங்கே உப்புநீர் புகுந்தது. எல்லாப் பக்கமும் ஒரே தொலைவு புகவில்லை. மண்ணடுக்கு இடங்கொடுத்த பக்கமே ஆழமாகப் புகுந்தது. நம் மீகடத்திப் படலங்களுக்குள் காந்தப்புலம் நுழைவதும் ஏறத்தாழ இப்படித்தான்.

மீகடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளும் என்று மெய்ஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் 1933இல் காட்டினார்கள். மேற்பரப்பிலேயே அது நின்றுவிடாது, சிறிது ஆழம் ஊடுருவித் தேய்ந்து மறையும் என்பது 1935இல் லண்டன் சகோதரர்களின் விளக்கம். அந்த ஆழத்தைவிடப் படலமே மெல்லியதானால்? 1964இல் ஜூடியா பேர்ல் விடை சொன்னார். பிற்காலத்தில் கணினியியலில் டூரிங் விருது பெற்ற அதே பேர்ல்தான். ஊடுருவும் ஆழத்தின் வர்க்கத்தை இரட்டித்துத் தடிமனால் வகுத்தால் வருவதே படலத்தில் புலம் பரவும் நீளம். ஆழம் 100 நானோமீட்டர், தடிமன் 20 நானோமீட்டர் என்றால் அந்த நீளம் 1 மைக்ரோமீட்டர். அதே படலத்தின் ஓரத்தில் தடிமன் 10 நானோமீட்டராகக் குறைந்தால், அங்கே 2 மைக்ரோமீட்டர்.

இதைவிட முக்கியமானது, புலம் படலத்துக்குள் நுழையும் வடிவமான சுழல்களின் போக்கு. காந்தப்பாயத்தின் ஒரு குவாண்டத்தைச் சுமக்கும் சுழலின் ஆற்றல், அது கடக்கும் தடிமனுக்கேற்பக் கூடும். ஆகவே சுழல் மெல்லிய இடத்தைத் தேடிப்போய் அங்கேயே தங்கும். டால்டினி, மார்ட்டினோலி குழுவினர் 1974இல் படலத்தின் தடிமனை வேண்டுமென்றே அலைபோல் மாற்றினார்கள். சுழல்களின் இடைவெளி அந்த அலையோடு பொருந்தியபோது மாறுநிலை மின்னோட்டம் உச்சம் தொட்டது. குறை என்று நாம் ஒதுக்கியதை அவர்கள் கருவியாக்கினார்கள். அந்தத் துணிவு எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

நம் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், நியோபியம் படலங்களால் ஸ்க்விட் எனும் காந்தப்புல உணரிகள் செய்து இதயம், மூளை ஆகியவற்றின் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். மூளையின் புலம் புவிக்காந்தத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அத்தகைய உணரியில் சிக்கிய ஒரு சுழல் இடம்விட்டு இடம் தாவினாலே அது இரைச்சலாகப் பதிவாகும்.

மாணவனாக இருந்தபோது, ஒரே தட்டில் படியவைத்த இரண்டு படலங்கள் வெவ்வேறு மாறுநிலை மின்னோட்டம் காட்டியதைக் கண்டு, வெப்பமானியைச் சந்தேகித்து ஆறு மாதம் கழித்தேன். ஒன்று தட்டின் விளிம்பில் இருந்தது. அங்கே படலம் மெலிந்திருந்தது. நான் குறிப்பேட்டில் எழுதியதோ சராசரித் தடிமன். சுழலுக்குச் சராசரி தெரியாது.

கட்டுரை படிக்கவிருப்போரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். தடிமன் என்ற இடத்தில் ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள். எங்கெங்கே அளந்தீர்கள், நடுவில் எவ்வளவு, விளிம்பில் எவ்வளவு என்று வரைபடத்தைத் திரையில் காட்டிவிட்டு மற்றதைப் பேசுங்கள். முதல் அமர்வின் உரையாளர் மேடைக்கு வரலாம்.