கடற்கரைச் சந்தையும் கைப்பேசியும்

நாள் செல்லச் செல்ல விலை குறையும் பொருள்கள் பல உண்டு. ஆனால், நாழிகைக்கு நாழிகை விலை குறையும் பொருள்கள் சிலவே. அவற்றுள் மீன் ஒன்று, மல்லிகை மற்றொன்று. இவ்விரண்டோடும் தொடர்புடையது தங்கச்சிமடம். பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அமைந்த இவ்வூரின் கரையில் நாட்டுப்படகுகள் நிற்கின்றன. சற்று உள்ளே, மணற்பாங்கான நிலத்தில் மல்லிகை நாற்றங்கால்கள் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையின் தோட்டங்களுக்கு இப்பகுதியிலிருந்து நாற்றுகள் செல்கின்றன என்பதை நம்மில் பலர் அறியோம். மதுரைப் பெண்கள் சூடும் பூவுக்கும் இத்தீவின் மணலுக்கும் உறவு உண்டு!

இத்தகைய ஊரில் உழைக்கும் சிறு உற்பத்தியாளரையும் நகரத்தில் வாங்கும் குடும்பத்தாரையும் நேரே இணைக்கக் கைப்பேசி எவ்வளவு துணை செய்யும்? எவ்விடத்தில் அதன் ஆற்றல் நின்றுவிடும்? மாணவ நண்பர்களே, இவ்விரு கேள்விகளையும் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

விற்பனைக்கு இரண்டு வழிகள் வேண்டும். ஒன்று சரக்குச் செல்லும் வழி. மற்றொன்று செய்தி செல்லும் வழி. இத்தீவுக்குச் சரக்கு வழி 1914ஆம் ஆண்டில் இரயில் பாலத்தாலும், 1988ஆம் ஆண்டில் சாலைப் பாலத்தாலும் அமைந்தது. செய்தி வழியோ நெடுங்காலம் வியாபாரியின் வசமே இருந்தது. நகரத்துச் சந்தையில் இன்று என்ன விலை என்பதை அறிந்தவர் அவர். அறியாதவர் மீன் பிடித்தவர். இருவர் பேரம் பேசும்போது ஒருவருக்கு மட்டும் விலை தெரிந்திருந்தால், அது பேரமாகுமா?

இக்குறையை நீக்க முதலில் முயன்ற கருவிகளுள் வானொலியும் ஒன்று என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்து உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றி வானொலி வாயிலாக அறிந்தமையால், அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஆயினும் வானொலி பேசும், உழவர் கேட்பார். உழவர் திருப்பிக் கேள்வி கேட்க அதில் இடம் குறைவு. கைப்பேசி அந்த இடத்தைத் தந்தது. பாம்பனில் 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி, மீனவர்களே தம் செய்தியைத் தாமே பேசுவதற்கு வழி செய்தது.

செய்தி வழி திறந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல சான்று கிடைக்கிறது. 1997ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலை. வடகரை என்னும் ஊரின் கரையில் பதினொரு மீனவர்கள் மத்தி மீனோடு வந்து, வாங்குவார் இன்றிக் கடலிலேயே கொட்டிவிடும் நிலையில் நின்றார்கள். அதே வேளையில், பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த வேறு கரைகளில் இருபத்தேழு பேர் மீன் கிடைக்காமல் காத்திருந்தார்கள். மீனும் இருந்தது, வாங்குவோரும் இருந்தனர், இருவரையும் சேர்க்கும் ஒரு சொல் மட்டும் இல்லை. இராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதனைக் காட்டினார். கைப்பேசிச் சேவை வந்தபின், கடலிலிருந்தே மீனவர் விலை விசாரித்துக் கரையைத் தேர்ந்தனர். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. மீன் விலையோ 4 விழுக்காடு குறைந்தது. விற்பவருக்கும் நன்மை, வாங்குபவருக்கும் நன்மை! வீணானது மீந்தமையால் விளைந்த நன்மை இது.

நம் மாநிலத்திலும் முயற்சிகள் நடந்தன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007ஆம் ஆண்டு முதல் வளர்த்த ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ என்னும் கைப்பேசிச் சேவை, அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம், சந்தை விலை ஆகியவற்றைத் தமிழிலேயே தெரிவித்தது. 2018ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘உழவன்’ செயலியை வெளியிட்டது. நேர் விற்பனைக்கு இவற்றுக்கு முன்பே வழி கண்டது உழவர் சந்தை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் அது முதன்முதலாகத் திறக்கப்பட்டது.

நேர் விற்பனை ஏன் வேண்டும்? ரிசர்வ் வங்கி 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்றின்படி, நாம் தக்காளிக்குத் தரும் ஒரு ரூபாயில் உழவரைச் சேர்வது ஏறத்தாழ 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. எஞ்சியது முழுவதும் இடைத்தரகரின் இலாபம் என்று எண்ணிவிடக் கூடாது. வண்டி வாடகை, சுமைகூலி, அழுகல் யாவும் அதில் அடங்கும். தரகரை நீக்கிவிடலாம், அவர் செய்த வேலையை நீக்க முடியாது. அதனை யாரேனும் செய்துதான் ஆகவேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இக்கடற்கரையில் படகுக்காரர் ஒருவரிடம், “இப்போதுதான் கைப்பேசியில் எல்லா ஊர் விலையும் தெரிகிறதே, நல்ல விலைக்கு விற்கலாமே” என்றேன். அவர் சிரித்தார். “விலை தெரியுது ஐயா, மீன் என்னுடையதா இருக்கணுமே!” என்றார்.

அந்த ஒரு சொல்லில் பெரிய பொருளாதாரப் பாடம் அடங்கியிருக்கிறது. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், பிடித்த மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். கடன் தீரும்வரை சந்தை என்பது அவருக்கு இல்லை. கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் இப்பகுதிப் பெண்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதுவும் ஆடவர் கையில் இருந்தால், விலைச் செய்தி அப்பெண்ணை எப்போது எட்டும்? கைப்பேசி அறியாமையை நீக்கும், கடனை நீக்காது.

கடனை நீக்கும் வழி கூட்டுறவே. தென் கேரளத்தில் மரியநாடு முதலிய மீனவர் ஊர்களில் தோன்றிய சங்கங்கள், கடன், கடற்கரை ஏலம், சேமிப்பு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்தன. மீன் விற்ற பணத்தில் ஒரு பகுதி கடனுக்கும், ஒரு பகுதி சேமிப்புக்கும் அன்றே செல்லும். இச்சங்கங்கள் 1980ஆம் ஆண்டில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கைப்பேசி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மீனை மீனவனுடையதாக ஆக்கிய முயற்சி அது. முதலில் மீன் நம்முடையதாக வேண்டும். பிறகுதான் விலைச் செய்தி பயன்படும்.

மற்றொன்று நம்பிக்கை. சந்தையில் மீனின் செவுளைப் பார்த்து வாங்குகிறோம். தொலைவிலிருந்து வாங்குபவர் எதைப் பார்ப்பார்? தங்கச்சிமடத்து நாற்றை வாங்கும் வெளியூர் உழவர், அது வேர்விட்டதா, நோயற்றதா என்பதை நட்ட பின்னரே அறிவார். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை அழைக்கமாட்டார். ஆகவே, சரியான எடை, மெய்யான படம், சொன்ன நாளில் சரக்கு ஆகியவையே நேர் வணிகத்தின் முதல்.

இங்கேதான் மாணவர்களாகிய உங்கள் தொண்டு தேவைப்படுகிறது. உங்கள் ஊரில் ஒரு மீனவர் சங்கமோ மகளிர் குழுவோ இருக்குமானால், அதன் கணக்கை எழுத உதவுங்கள். அன்றன்றைய விலையைக் கைப்பேசியில் பார்த்து, கரையில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். கைப்பேசி இல்லாத தாய்மாரும் படித்தறியட்டும். நகரத்தில் வாழ்வோர் பேரம் பேசும்போது, விடியுமுன் கடலுக்குச் சென்றவரின் கூலியையும் கணக்கிற் சேர்க்கட்டும். கருவி வந்துவிட்டது. அதனை உழைப்பவரின் உரிமையாக்கும் அமைப்பை உருவாக்குவது நம் கடமை.